காங்கிரஸைக் கண்ட ஹியூமும் காக்கையின் கழுத்தும்

ஆலன் ஆக்டேவியன் ஹியூம் என்னும் பெயரைக் கேட்டவுடன் நம்மவர் யாவருக்கும் காங்கிரஸ் மகாசபையே நினைவுக்கு வரும். பள்ளிக்கூடத்து வரலாற்றுப் புத்தகத்தில் 1885 என்ற ஆண்டையும் அவர் பெயரையும் ஒன்றாகச் சேர்த்து மனப்பாடம் செய்தவர்கள் நாம். ஆயின், அதே மனிதர் இந்நாட்டுப் பறவைகளின் சிறகையும் அலகையும் காலையும் அங்குலக் கணக்கில் அளந்து, எடை போட்டு, சீட்டு எழுதிக் கட்டி, எண்பதினாயிரத்துக்கு மேற்பட்ட பறவை உடல்களைச் சேர்த்து வைத்தவர் என்பதை அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே. மலருக்குக் கட்டுரை கேட்கப்படும்போதெல்லாம் பெரும்பாலும் புலவர் பெருமக்களைப் பற்றியே எழுதி வந்தோம். இம்முறை ஒரு மாறுதலாக இந்த வெள்ளைக்காரரின் வரலாற்றை எடுத்துக்கொண்டோம். அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. தஞ்சைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்து, ரயில்வே உத்தியோகத்தின் பொருட்டு இந்தக் கங்கைச் சமவெளிக்கு வந்து சேர்ந்த நாம், வந்த புதிதில் ஒன்றைக் கவனித்தோம். குடியிருப்பின் வேலியோரம் ஒரு கொண்டைக்குருவி வந்து அமரும். வாலடியில் அதே சிவப்பு, தலையில் அதே கொண்டை. ஆயினும் ஊரில் பார்த்த குருவி போல் அது தோன்றவில்லை. சற்றே பெரியது, ஊர்க் குருவிக்குத் தலையோடு நின்றுவிடும் கருமை இதற்குப் பிடரியைத் தாண்டி முதுகு வரை இறங்கியிருந்தது. கண் மயக்கம் என்றே பல காலம் எண்ணியிருந்தோம். பிற்பாடு படித்தபோதுதான், அது மயக்கமன்று, ஒரே இனத்துப் பறவை தென்னாட்டில் ஓர் அளவும் வடநாட்டில் வேறோர் அளவும் கொண்டிருப்பது உண்மையே என்று தெரிந்தது. இவ்வாறு திசைக்குத் திசை பறவை உடல் வேறுபடுவதை இந்நாட்டில் முதன்முதல் பெரிய அளவில் கணக்கெடுத்தவர் யார் என்று தேடியபோது ஹியூமின் பெயர் எதிர்ப்பட்டது. அவர் கலெக்டராய் இருந்த எடாவா ஊரோ, கான்பூரிலிருந்து டில்லி செல்லும் பாதையில் நாம் அடிக்கடி கடந்து போகும் நிலையம்! அதன்பின் அவரை விட மனம் வரவில்லை.

ஹியூம் 1829-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் ஜோசப் ஹியூம், இளமையில் கிழக்கிந்தியக் கம்பெனியில் வைத்தியராக இந்தியாவில் பணிபுரிந்தவர். பின்னர் பார்லிமெண்டில் சீர்திருத்தக் கட்சியின் முன்னணி வீரராக விளங்கியவர். அரசாங்கச் செலவுக் கணக்கை வரி வரியாகக் குடைந்து கேள்வி கேட்பதில் அவர் பெயர் பெற்றவர். கணக்கில் பிடிவாதம் என்பது மகனுக்கும் அங்கிருந்தே வந்திருக்க வேண்டும். ஹெய்லிபரியில் கம்பெனிக் கல்லூரியிலும், லண்டனில் வைத்திய மனையிலும் பயின்ற பின், 1849-இல் இருபது வயது இளைஞராக ஹியூம் கப்பலேறினார். வங்காள சிவில் சர்வீஸில் சேர்ந்து எடாவாவுக்கு வந்தார்.

எடாவாவில் அவர் செய்த நற்பணிகளை மட்டுமே ஒரு கட்டுரையாக எழுதலாம். 1857-க்குள் 181 இலவசப் பள்ளிகளைத் தோற்றுவித்தார். அவற்றில் 5,186 பிள்ளைகள் படித்தனர். அவர்களுள் பெண் குழந்தைகள் இருவர் மட்டுமே என்பது அக்காலத்தின் நிலைமையைக் காட்டும். கள், சாராய வருமானத்தால் கஜானாவை நிரப்புவதை அவர் வெறுத்தார். மேலதிகாரிகளுக்கு அதைத் தயங்காமல் எழுதியும் அனுப்பினார். 1857-இல் பெருங்கலகம் மூண்டபோது எடாவாவை விட்டு ஆக்ராக் கோட்டையில் ஆறு மாத காலம் தஞ்சம் புக நேர்ந்தது. அவரிடம் பணிபுரிந்த இந்திய உத்தியோகஸ்தர்களில் ஏறக்குறைய அனைவரும் அவரைக் கைவிடவில்லை. திரும்பி வந்த பின்னர், பழி வாங்கும் வெறி பிடித்திருந்த அந்நாளில், அவர் தண்டனை விஷயத்தில் கையடக்கம் காட்டினார் என்பதை அவருடைய பகைவர்களும் ஒப்புக்கொண்டனர்.

அக்கலகத்தில் அவர் அதுகாறும் சேர்த்து வைத்திருந்த பறவைத் தொகுப்பு அழிந்து போயிற்று. வேறொருவராயின் அத்தோடு விட்டிருப்பர். இவரோ முதலிலிருந்து மீண்டும் தொடங்கினார். இந்த முறை ஒரு பெரிய திட்டத்தோடு தொடங்கினார். இந்தியாவின் பறவைகளைப் பற்றி அதற்கு முன்னர் ஜெர்டன் என்னும் சென்னை ராணுவ வைத்தியர் 1862 முதல் 1864 வரை ஒரு சிறந்த நூலை வெளியிட்டிருந்தார். அதை அடித்தளமாகக் கொண்டு, ஒவ்வொரு பறவைக்கும் பத்து, இருபது, ஐம்பது என்று உடல்களைச் சேர்த்து, ஒரே இனம் சிந்துவில் எப்படி, அஸ்ஸாமில் எப்படி, நீலகிரியில் எப்படி, பர்மாவில் எப்படி என்று ஒப்பிட்டு, முழுமையான ஒரு பெருநூல் எழுதுவதே அவர் நோக்கம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். அந்நாளைய ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் ஓர் இனத்துக்கு ஒன்றிரண்டு உடல்களே இருக்கும். அவற்றை வைத்துக்கொண்டு வேறுபாட்டைக் கண்டால், அது அந்தத் தனிப் பறவையின் குறையா, வயதினால் வந்ததா, ஆண் பெண் வேற்றுமையா, அல்லது அந்த நாட்டுக்கே உரியதா என்று தீர்மானிக்க இயலாது. பத்துப் பயணிகளை வைத்துக்கொண்டு ஒரு வண்டியின் வருமானத்தைக் கணிக்க முடியாதல்லவா? அதுபோலத்தான். மேலும், உலர்ந்த தோலில் உடல் சுருங்கிப் போகும். கண்ணின் நிறமும் காலின் நிறமும் மாறிவிடும். ஆகவே பறவை கையில் விழுந்த அன்றே, பசுமையாக இருக்கும்போதே, அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை நீளம், சிறகு விரித்த அகலம், மடித்த சிறகின் நீளம், வால், கால், அலகு, எடை, கண்ணின் நிறம் ஆகிய யாவற்றையும் குறித்து வைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். இதற்கென்றே 1874-இல் சேகரிப்போருக்கு ஒரு கையேடும் அச்சிட்டார். நாடெங்கும் இருந்த காட்டிலாகாக்காரர், ராணுவத்தார், தோட்டத்துரைமார், வைத்தியர், பாதிரிமார் அவருக்கு உடல்களையும் முட்டைகளையும் குறிப்புகளையும் அனுப்பினர். நம் நீலகிரியின் கோத்தகிரியிலிருந்து காக்பர்ன் அம்மையார் அனுப்பிய கூடு, முட்டைக் குறிப்புகள் ஹியூமின் நூலில் பல இடங்களில் இடம்பெற்றுள்ளன. 1872-இல் அவர் தொடங்கிய பறவைப் பத்திரிகை இவர்கள் யாவரையும் ஒரு குடும்பம் போலக் கட்டி வைத்தது.

ரயில்வேக்காரர் ஒருவரையும் இங்குக் குறிப்பிடாமல் விட்டால் நம் சிப்பந்திச் சகோதரர்கள் மன்னிக்க மாட்டார்கள். வில்லியம் எட்வின் புரூக்ஸ் என்பவர் இருப்புப்பாதைப் பொறியாளர். எடாவாவில் பணியாற்றியபோது ஹியூமின் நட்பால் பறவை ஆராய்ச்சியில் இறங்கி, விரல் அளவே உள்ள கதிர்க்குருவிகளைப் பிரித்தறிவதில் ஒப்பற்ற வல்லவரானார். 1869-இல் எடாவாவிலேயே பிறந்த தம் மகனுக்கு நண்பரின் நினைவாக ஆலன் என்று பெயர் வைத்தார். அப்பிள்ளை பின்னர் கனடாவில் புகழ்பெற்ற பறவை ஓவியராக விளங்கினார். 1878-இல் ஒரு சிறு கதிர்க்குருவிக்கும் ஹியூமின் பெயரை இட்டார் புரூக்ஸ். பத்துக் கிராம் எடை கூட இல்லாத அப்பறவை இன்றும் குளிர்காலத்தில் நம் வடநாட்டு மாந்தோப்புகளுக்கு வருகிறது. பாதை போடும் வேலையின் நடுவே ஒருவர் இவ்வளவு செய்தார் என்றால், கணக்குப் புத்தகத்தின் நடுவே நாம் ஒரு கட்டுரையாவது எழுதலாம் என்ற தைரியம் பிறக்கிறது.

1867 முதல் 1870 வரை ஹியூம் உள்நாட்டுச் சுங்க இலாகாவின் கமிஷனராக இருந்தார். சிந்து நதியிலிருந்து மகாநதி வரை, சுமார் 2,300 மைல் நீளத்துக்கு, உப்பு வரிக்காக ஒரு காவல் கோடு அந்நாளில் இருந்தது. அதன் பெரும்பகுதியில் முட்புதர்களை வளர்த்து வேலி அமைத்திருந்தனர். பன்னிரண்டாயிரம் பேர் காவல் புரிந்தனர். ஏழையின் கஞ்சிக்கு இடும் உப்புக்கு வரி வாங்க இவ்வளவு பெரிய வேலி! சாராய வருமானத்தை வெறுத்த மனிதர் இந்த வேலியை நன்றாக வளர்த்தார் என்பது அவர் வரலாற்றில் நமக்கு உவப்பில்லாத பகுதி. 1879-இல்தான் அந்தக் கோடு எடுபட்டது. ஆனால் ஊர் ஊராகச் சுற்றும் அந்த உத்தியோகம் அவருடைய பறவை வேலைக்கு வாய்ப்பாயிற்று.

பின்னர் மேயோ பிரபுவின் காலத்தில், 1871-இல், வருவாய், விவசாய, வாணிப இலாகாவின் செயலாளரானார். சிம்லாவில் ஜாக்கோ குன்றின் மீது ரோத்னி காஸில் என்னும் மாளிகையை வாங்கி, அதில் தம் பறவை அருங்காட்சியகத்தை அமைத்தார். 1871-72 குளிர்காலத்தில் சிந்துப் பிரதேசத்துக்கும், 1873-இல் அந்தமான், நிக்கோபார் தீவுகளுக்கும், 1875-இல் லட்சத்தீவுகளுக்கும், 1881-இல் மணிப்பூருக்கும் சென்றுவந்தார். டேவிசன் என்னும் உதவியாளரைப் பல ஆண்டுகள் டெனாசரிம் காடுகளிலும் நீலகிரியிலும் வைத்துச் சேகரித்தார்.

அவர் மேஜையில் வந்து குவிந்தவை என்ன கூறின? காக்கையையே எடுத்துக்கொள்வோம், நாம் தினந்தோறும் சோறு வைக்கும் ஊர்க்காக்கை. அதன் கழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிறம் உண்டென்பது யாவரும் அறிந்ததே. வறண்ட சிந்துப் பக்கத்துக் காக்கைக்கு அந்தக் கழுத்து வெளிறி, வெண்மையை நெருங்கியிருக்கும். கங்கைச் சமவெளியில் நடுத்தரச் சாம்பல். இலங்கையில் அது கறுத்துவிடும். மழை மிகுந்த பர்மாவிலோ கழுத்துக்கும் முதுகுக்கும் வேற்றுமை காண்பதே அரிது. பர்மாக் காக்கைக்குத் தனிப் பெயரிட்டு 1874-இல் வெளியிட்டவர் ஹியூமே. ஈரமும் வெப்பமும் மிகுந்த நாட்டில் பறவையின் நிறம் கறுக்கும், வறண்ட நாட்டில் வெளிறும் என்பதை ஜெர்மானிய நாட்டுக் க்ளோகர் என்பவர் 1833-லேயே எழுதியிருந்தார். அவ்விதிக்கு நம் முற்றத்துக் காக்கையைவிட நல்ல சாட்சி வேறில்லை.

நிறத்துக்கு இவ்விதி, பருமனுக்கு வேறு விதி. 1847-இல் பெர்க்மான் என்னும் மற்றொரு ஜெர்மானியர், குளிர் நாட்டில் வாழும் விலங்கும் பறவையும் வெப்ப நாட்டுச் சொந்தங்களைவிடப் பெரிய உடல் கொண்டிருக்கும் என்றார். காரணம் எளிதே. ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டித்தால் மேற்பரப்பு 4 மடங்காகும். உள்ளளவோ 8 மடங்காகும். வெப்பம் வெளியேறுவது மேற்பரப்பின் வழியே. வெப்பம் உண்டாவதும் தங்குவதும் உள்ளே. ஆகவே பெரிய உடல் மெதுவாகக் குளிரும். கல்யாண வீட்டு அண்டாவில் உள்ள ரசம் நெடுநேரம் சூடாயிருக்க, தம்ளரில் ஊற்றியது உடனே ஆறிப்போவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. காஷ்மீரத்துச் சிட்டுக்குருவி நம் சமவெளிச் சிட்டைவிடப் பெரிது. நம் அண்டங்காக்கைக்கும் மேற்பட்ட பருமனுள்ள ரேவன் என்னும் காக்கை திபெத்தில் மிகப் பெரிதாக வளர்கிறது. பஞ்சாப், சிந்துச் சமவெளியில் அதுவே சிறுத்து, தலையிலும் கழுத்திலும் பழுப்பேறிக் காண்கிறது. அந்தப் பஞ்சாப் ரேவனையும் 1873-இல் பெயரிட்டு வேறுபடுத்தியவர் ஹியூம்.

மூன்றாவது விதி 1877-இல் வந்தது. இதைக் கூறியவர் ஜோயல் ஆலன் என்ற அமெரிக்கர். நம் ஹியூமின் முற்பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். குளிர் நாட்டில் உடலின் நீட்டங்கள், அதாவது காது, வால், கால் முதலியவை குறுகும் என்பது அவர் கண்டது. பறவைக்கு அலகும் இதில் சேரும். அலகு வெறும் கொம்பன்று. உள்ளே இரத்த ஓட்டம் உண்டு. தென் அமெரிக்காவின் டூக்கன் பறவை தன் பெரிய அலகின் வழியே உடல் வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது என்று 2009-இல் கண்டறிந்தனர். மறு ஆண்டிலேயே இருநூறுக்கு மேற்பட்ட இனங்களை ஒப்பிட்டு, குளிர்ந்த இடங்களில் அலகு குறுகியிருப்பதை உறுதி செய்தனர். ஹியூமின் காலத்தில் அலகின் நீளம் என்றால் இரையின் கணக்கு மட்டுமே. அவர் குறித்து வைத்த அலகு அளவுகளுக்கு இப்படி ஒரு பொருள் இருக்கும் என்பது அவருக்கே தெரிந்திராது.

இவ்விதிகள் எங்கும் எப்போதும் செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. தீவுகளில் வேறு கணக்கு. அந்தமானுக்குக் கிழக்கே நார்க்கொண்டம் என்று ஒரு சிறு எரிமலைத் தீவு உள்ளது. பரப்பு ஏழு சதுரக் கிலோமீட்டருக்கும் குறைவு. உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் இருவாட்சிப் பறவை அங்கே வாழ்கிறது. அதை உலகுக்கு அறிவித்தவரும் ஹியூமே, 1873-இல். பெருநிலத்தில் உள்ள அதன் உறவினங்களைவிட அது சிறியது. அவ்வளவு சிறிய இடத்தில் ஓர் இருவாட்சி இனம் நிலைத்து நிற்பதே வியப்பு.

அவர் ஏமாந்த இடமும் ஒன்று உண்டு. அதையும் சொன்னால்தான் வரலாறு நேர்மையாகும். யார்க்கந்து நாட்டுக்குச் சென்ற தூதுக்குழுவோடு போன ஹெண்டர்சன் வழியே அவருக்குத் திபெத்திய மேட்டுநிலத்துப் பறவை ஒன்று கிடைத்தது. மரமே இல்லாத வெட்டவெளியில் தரையில் தத்தித் திரியும் பறவை, அலகு நீண்டு வளைந்தது, கால்கள் வலுத்தவை. அதைக் காக்கைக் குலத்துத் தரைப் பறவைகளோடு சேர்த்து 1871-இல் பெயரிட்டார். நூற்றாண்டுக்கு மேலாக எல்லாரும் அப்படியே நம்பினர். 2003-இல் மரபணு, எலும்பு முதலியவற்றை ஆராய்ந்தபோது, அது காக்கையே அன்று, மரக்கிளைகளில் தலைகீழாய்த் தொங்கிப் பூச்சி தேடும் சின்னஞ்சிறு பட்டாணிக்குருவியின் குலம் என்று தெரியவந்தது! குளிர்ந்த மேட்டுநிலமும் மரமற்ற தரையும் சேர்ந்து ஒரு பட்டாணிக்குருவியைக் காக்கையின் உருவத்துக்குத் திருத்திவிட்டன. உடலை மட்டும் அளந்தவர் குலத்தைத் தவறவிட்டதில் வியப்பில்லை. நாமும் நம்மூர்க்காரர் ஒருவரைத் தலைப்பாகையும் மீசையும் கண்டு ராஜபுத்திரர் என்று எண்ணி ஓராண்டு இந்தியில் பேசியிருக்கிறோம்.

உத்தியோகத்தில் ஹியூமின் நிலை 1879-இல் கவிழ்ந்தது. மேலிடத்துக்குப் பிடிக்காதவற்றை வெளிப்படையாகச் சொல்லியதன் பயனாகச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கப்பட்டு, அலகாபாத்தின் வருவாய்ப் போர்டுக்கு அனுப்பப்பட்டார். 1882-இல் ஓய்வு பெற்றார். இடையில் பிரம்மஞான சங்கத்தில் ஈடுபட்டு, சில ஆண்டுகளில் அதையும் விட்டார். இனி முழுநேரமும் பறவைப் பெருநூலுக்கே என்று எண்ணியிருந்த வேளையில்தான் அந்த இடி விழுந்தது.

ஒரு குளிர்காலம் அவர் சிம்லாவை விட்டுச் சமவெளிக்கு இறங்கியிருந்தார். ரோத்னி காஸிலில் இருபத்தைந்து ஆண்டுக் குறிப்புகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எவ்வளவு தெரியுமா? மணங்குக் கணக்கில் நிறுக்கத்தக்க காகிதம். அவர் திரும்பி வருவதற்குள் வேலையாள் ஒருவர் அவற்றைப் பழைய காகிதமென்று சிம்லாக் கடைத்தெருவில் விற்றுவிட்டார். ஒவ்வொரு பறவையின் அளவும், எந்த மாதம், எந்த ஊர், எந்த உயரம் என்ற விவரமும், எழுதி முடித்த பகுதிகளும் கடலைப் பொட்டலங்களாகப் போயின. மழையில் குன்று சரிந்து அருங்காட்சியகமும் சேதமுற்றது.

இதைப் படித்த அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில் ஒரு சமயம் நாம் பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில் பழைய பதிவேடுகளைக் கழித்து எடை போட்டுக் கொடுத்தனர். கட்டுகளைப் பார்த்துப் பட்டியல் எழுதியவர்களுள் நாமும் ஒருவர். ஈராண்டு கழித்து ஒரு கிழக் கலாசி பென்ஷனுக்காக வந்து நின்றார். அவர் வேலையில் சேர்ந்த தேதி இருந்த ஏடு அந்தக் கட்டில் போயிருந்தது. வேறு சான்றுகளைத் தேடிப் பிடித்து அவர் கணக்கைத் தீர்ப்பதற்குள் பதினான்கு மாதம் ஆயிற்று. அந்தப் பதினான்கு மாதமும் அவர் நம்மைக் கண்டபோதெல்லாம் கை கூப்பினாரே தவிர ஒரு சொல் கடிந்து பேசவில்லை. ஹியூமின் வேலையாளை எல்லாரும் திட்டுகின்றனர். நம்மால் திட்ட இயலவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எழுதிய காகிதமும் கழித்த காகிதமும் ஒன்றே. தெரிந்த நாமே அவ்வாறு செய்தோம்.

ஹியூம் மறுபடி எழுதத் தொடங்கவில்லை. 1857-இல் எல்லாம் அழிந்தபோது வயது இருபத்தெட்டு. இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. தொகுப்பு முழுவதையும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு இனாமாகக் கொடுத்துவிட முடிவு செய்தார். 1885-இல் அங்கிருந்து பௌட்லர் ஷார்ப் என்னும் நிபுணர் சிம்லாவுக்கு வந்து கட்டுமானத்தை மேற்பார்த்தார். ஆணி பட்டு உடல்கள் கெடாதபடி, ஆணியே இல்லாமல் தேவதாரு மரத்தால் 47 பெட்டிகள் அங்கேயே செய்யப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை டன். சரக்கு ரசீது எழுதிப் பழகிய கை ஆதலால் கூட்டிப் பார்த்தோம்: இருபத்து மூன்று டன்னுக்கு மேல் வருகிறது. அந்நாளில் காலகாவுக்கே ரயில் இல்லை. அது 1891-இல் வந்தது, சிம்லாவுக்கு 1903-இல். ஆகவே மலையிலிருந்து மாட்டு வண்டிகளில் இறக்கி, பின் பம்பாய்த் துறைமுகம் சேர்த்தனர். மொத்தம் 82,000 உடல்கள். அவற்றுள் 75,577 அருங்காட்சியகத்தில் இடம்பெற்றன. பூச்சி அரித்த 20,000 உடல்களை அதற்கு முன்பே கழிக்க வேண்டியிருந்தது. எஞ்சிய கூடு, முட்டைக் குறிப்புகளை ஓட்ஸ் என்னும் அறிஞரிடம் ஒப்படைத்தார். அது 1889-90-இல் நூலாகத் திருந்தி வெளிவந்தது.

எத்தனை ஆயிரம் உயிர்கள் என்று எண்ணும்போது நம் மனம் கூசத்தான் செய்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. ஒரு காக்கையின் கழுத்து நிறத்தை அறிய நூறு காக்கைகளைச் சுட வேண்டுமா என்று நம் இல்லத்தாள் கேட்டாள். புகைப்படக் கருவியும் மரபணு ஆராய்ச்சியும் இல்லாத காலம் என்று பதில் கூறினோம். அவளுக்கு அது போதவில்லை. நமக்கும் முழுதும் போதவில்லை.

பெட்டிகள் சிம்லாவை விட்டு இறங்கிய அதே 1885-ஆம் ஆண்டு, டிசம்பர் 28-ஆம் நாள், பம்பாய் கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரியில் 72 பிரதிநிதிகள் கூடினர். தலைமை வகித்தவர் பானர்ஜி, கூட்டுவித்தவர் ஹியூம். முதல் தீர்மானத்தைப் பிரேரித்தவர் நம் சென்னையின் ஜி. சுப்பிரமணிய ஐயர். 1887-இல் மூன்றாவது மாநாடு சென்னையில் நடந்தபோது, காங்கிரஸ் என்றால் என்ன என்று பொதுமக்களுக்கு விளக்கும் வினாவிடை நூல் ஒன்றை வீரராகவாச்சாரியார் தமிழில் எழுதி வழங்கியதும் குறிப்பிடத்தக்கது. மாகாணம் தோறும் கடிதம் எழுதி, ஆள் சேர்த்து, தகவல் திரட்டி, அச்சிட்டுப் பரப்பும் வேலையை ஹியூம் பறவைகளுக்காகப் பதினைந்து ஆண்டு பழகியிருந்தார். அதே கையெழுத்து, அதே தபால் தலை. விஷயம் மட்டுமே மாறிற்று என்பது எம் கருத்து. காகிதங்கள் கடைத்தெருவுக்குப் போகாதிருந்தால் அவர் பெருநூலிலேயே மூழ்கியிருப்பாரோ, காங்கிரஸ் இன்னும் சில ஆண்டு தாமதித்திருக்குமோ என்று சில வேளை எண்ணுவதுண்டு. இது நிரூபிக்கக்கூடிய செய்தியன்று.

அவர் அனுப்பிய உடல்கள் இன்று லண்டனுக்கு வெளியே டிரிங் என்னும் ஊரில், இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பறவைப் பகுதியில் உள்ளன. அவர் தனி இனமென்று கருதியவற்றுள் பல இன்று ஓரினத்தின் உள்வகைகளாகவே எண்ணப்படுகின்றன. ஆயினும் சீட்டுகள் பொய்யாகவில்லை. 2022-இல் உலகின் 11,009 பறவை இனங்களையும், அவற்றில் 90,020 தனிப் பறவைகளின் அலகு, சிறகு, கால், வால் அளவுகளையும் திரட்டி அறிஞர்கள் ஒரே அட்டவணையாக வெளியிட்டனர். இவ்வளவுகளில் பெரும்பகுதி அருங்காட்சியகங்களில் உள்ள பழைய உடல்களிலிருந்தே எடுக்கப்பட்டது.

இன்னொன்று: அமெரிக்காவின் சிகாகோ நகரில் உயர்ந்த கட்டடங்களில் மோதி இறந்த பறவைகளை அங்குள்ள அருங்காட்சியக ஊழியர் ஒருவர் 1978 முதல் 2016 வரை பொறுக்கி, 70,716 உடல்களையும் தம் கையாலேயே அளந்தார். 52 இனங்கள். அக்காலத்துக்குள் பறவைகளின் கால் எலும்பு 2.4 விழுக்காடு குறுகியும், சிறகு 1.3 விழுக்காடு நீண்டும் விட்டன. பூமி சூடேறுவதால் உடல் சிறுக்கிறது என்று 2019-இல் வெளியான அந்த ஆராய்ச்சி கருதுகிறது. பெர்க்மான் இடத்துக்கு இடம் கண்டதை இவர்கள் காலத்துக்குக் காலம் கண்டனர். அந்த ஊழியரும் துப்பாக்கி எடுக்கவில்லை என்று இல்லத்தாளிடம் கூறினோம். அவள் முகம் சற்றுத் தெளிந்தது.

மனைவியார் 1890-இல் காலமான பின், 1894-இல் ஹியூம் இந்தியாவை விட்டுச் சென்றார். லண்டனின் தென்பகுதியில் குடியேறி, பறவைகளை விட்டுச் செடிகொடிகளில் மனம் செலுத்தினார். பிரிட்டனில் காணும் செடிகளையெல்லாம் பறித்து, உலர்த்தி, தாளில் ஒட்டி, மறுபடியும் சீட்டு எழுதினார். எண்பது வயதில் தம் பொருளைக் கொண்டு, 1910-இல், தென் லண்டன் தாவரவியல் நிலையத்தை நிறுவினார். 1912 ஜூலை 31-ஆம் நாள் காலமானார். அந்நிலையம் அவர் வாங்கித் தந்த வீட்டிலேயே இன்றும் நடைபெறுகிறது. அவர் ஒட்டிய செடிகளும் அங்கே உள்ளன. 1973-இல் நம் தபால் இலாகா அவர் உருவத்தோடு ஒரு தபால் தலை வெளியிட்டது. அதில் பறவை இல்லை.